பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மூன்று தவ்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பீடோர் போன்ற தோட்டத்துப் பட்டணங்களில், ஒரு காலத்தில் கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) தோட்டத்து டிரெஸரோ (மருத்துவ உதவியாளர்) ஓட்டிய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் இன்னும் சில வீட்டுத் தாழ்வாரங்களில் சாக்குப் போர்த்தி நிற்கிறது. பி.எஸ்.ஏ. பாண்டம், நார்ட்டன் 16ஹெச் மாதிரி வண்டிகள். அதைக் கிளப்பி ஓட்ட ஆசைப்படும் பேரப்பிள்ளைக்கு முதலில் கிடைக்கும் யோசனை, "ஒரு போரிங் போட்டுடு தம்பி, எல்லாம் சரியாயிடும்" என்பதுதான். யோசனை தவறில்லை. போரிங் என்றால் தேய்ந்த சிலிண்டரின் துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற புது பிஸ்டன் போடுவது. ஆனால் அது ஓட்டையைப் பெரிதாக்குவது மட்டும் என்று நினைத்துக்கொண்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு ஓடினால், புது பிஸ்டனும் போட்டு, காசும் கொடுத்து, முதல் பத்து மைலில் என்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

போரிங் வேலையின் உயிர் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விடுகிற இடைவெளியில் இருக்கிறது. அதை ஆங்கிலேயர் காலத்து அளவில் தவ் கணக்கில் சொல்வார்கள். ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் மூன்று தவ். பாண்டம் மாதிரி சின்ன என்ஜினில் பிஸ்டனுக்கு விட வேண்டிய மொத்த இடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு அல்ல, இரண்டு பக்கமும் சேர்த்து.

ஏன் இடம் விட வேண்டும்

பிஸ்டன் அலுமினியம், பழைய சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூடானால் இரண்டும் பெருக்கும், ஆனால் ஒரே அளவில் பெருக்காது. பிஸ்டன் அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் 20 பங்கு பெருக்கும். வார்ப்பிரும்பு சுமார் 11 பங்கு. ஏறத்தாழப் பாதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் பாண்டம், டி1, 125 சி.சி. வகை, சிலிண்டர் விட்டம் 52 மி.மீ., ஸ்ட்ரோக் 58 மி.மீ. நம் ஊர் வெயிலில் நிற்கும் வண்டி 30 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது பிஸ்டனின் அடிப்பாவாடை (கீழ்ப்பகுதிச் சுவர்) 140 டிகிரிக்கும் சிலிண்டர் சுவர் 120 டிகிரிக்கும் ஏறினால், பிஸ்டன் 0.114 மி.மீ. பெருக்கும், சிலிண்டர் 0.051 மி.மீ. விரியும். வித்தியாசம் 0.063 மி.மீ., அதாவது இரண்டரை தவ். குளிர்ந்த நிலையில் மூன்று தவ் விட்டிருந்தால், சூட்டில் மிஞ்சுவது அரை தவ். எண்ணெய்ப் படலம் உட்காரும் இடம் அதுதான். இரண்டு தவ் மட்டும் விட்டிருந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அலுமினியம் இரும்பில் உரசி, உருகி, சுவரில் ஒட்டிக்கொள்ளும். பட்டறைப் பேச்சில் "ஜாம்".

அப்படியானால் ஆறு தவ் விட்டுவிட்டால் பயமே இல்லையே என்று கேட்கலாம். ஜாம் ஆகாதுதான். ஆனால் குளிர்ந்த என்ஜினில் பிஸ்டன் சுவரில் பக்கவாட்டில் தட்டும். "டக் டக்" என்று கேட்கும். பிஸ்டன் சாய்வதால், அதைச் சுற்றி கேஸ் கசியாமல் அடைக்கும் ரிங்கின் விளிம்பு உருண்டு தேயும், கேஸ் கீழே கசியும், சில ஆயிரம் மைலில் மறுபடி அதே வேலை.

பிஸ்டனின் மண்டை இன்னும் சூடு, 250 டிகிரிகூட எட்டும். மேலே உள்ள கணக்கின்படி அந்த இடம் மட்டும் ஒன்பது தவ் பெருக்க வேண்டும். அதனால்தான் பிஸ்டனை நேர் உருளையாகச் செய்வதில்லை. மேலே ஒல்லி, கீழே பருமன். அதோடு மேலிருந்து பார்த்தால் லேசான முட்டை வடிவம், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு (கிராங்கைச் சுழற்றும் தண்டு) கோக்கும் கஜன் பின் போகும் திசையில் குறுகல். பிஸ்டனை எங்கே அளந்தாலும் ஒன்றுதான் என்று எண்ணுவது தொடக்கக்காரர் செய்யும் முதல் பிழை. அளக்க வேண்டிய இடம் பாவாடையின் அடிப்பகுதி, கஜன் பின்னுக்குக் குறுக்காக 90 டிகிரியில். மேலே ரிங் பள்ளத்தின் ஓரத்தில் மைக்ரோமீட்டரை வைத்து அளந்து, அதற்கு மூன்று தவ் சேர்த்துக் கடைந்தால் சிலிண்டர் சிறிதாகிவிடும், ஜாம் நிச்சயம்.

தேய்மானத்தைப் படிப்பது

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. ரிங் ஏறி நின்று திரும்பும் மேல் இடத்தில்தான் அதிகம். அங்கே சூடும் அதிகம், எண்ணெயும் குறைவு. அதற்கு மேலே ரிங் படாத விளிம்பு ஒரு படியாக நிற்கும், விரல் நகத்தை ஓட்டினால் தடுக்கும். அடுத்து, வண்டியின் முன்-பின் திசையில், கனெக்டிங் ராட் பிஸ்டனைத் தள்ளும் பக்கத்தில் தேய்மானம் கூடுதல். தோட்டத்து வண்டிகளுக்கு இன்னொன்று உண்டு: செம்மண் தூசி. செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால் ஒரு நாள் ஓட்டினாலே சட்டை சிவந்துவிடும். அந்தத் தூசியில் பாதி, அகலக் கண்ணிக் கம்பிவலை ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகிறது. தூசி தேய்த்த சிலிண்டரில் ஆழக் கோடு இருக்காது, மேல்பகுதி பளபளவென்று மெருகேறி அகன்றிருக்கும். பார்க்க அழகாக இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

அளக்க வெர்னியர் காலிப்பர் போதாது. அதன் உள்தாடை தட்டையானது, வளைந்த சுவரில் சரியாக உட்காராது. கை அழுத்தத்துக்கே இரண்டு தவ் ஏறி இறங்கும். பாண்டத்துக்கு வேண்டியது 50 முதல் 75 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டரும் டயல் போர் காஜும் (துளையின் உள்விட்டம் அளக்கும் கருவி). போர் காஜ் வீட்டில் இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. ஃபீலர் காஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மட்டும் போதும். ஒரு பிஸ்டன் ரிங்கை எடுத்து சிலிண்டரின் அடியில், தேயாத பகுதியில் நுழையுங்கள். பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதன் மண்டையால் ரிங்கை ஒரு அங்குலம் தள்ளினால் ரிங் நேராக நிற்கும். ரிங் வாயின் இடைவெளியை ஃபீலர் காஜால் அளந்து எழுதுங்கள். அதே ரிங்கை மேலே, அதிகம் தேய்ந்த இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி அளங்கள். கீழே 10 தவ், மேலே 32 தவ் என்று வந்தால் வித்தியாசம் 22. அதை 3.14-ஆல் வகுத்தால் 7. சிலிண்டர் மேலே ஏழு தவ் அகன்றுவிட்டது. ரிங் வாய் சுற்றளவைக் காட்டுகிறது, நமக்கு வேண்டியது விட்டம், அதனால் வகுக்கிறோம். இந்த முறையில் முட்டை வடிவம் தெரியாது, சராசரிதான் தெரியும். ஆனாலும் போரிங் தேவையா இல்லையா என்று முடிவு செய்ய இது தாராளம். இந்த அளவு சின்ன என்ஜினில் தேய்மானம் ஐந்து தவ்வைத் தாண்டினாலே போரிங் பற்றி யோசிக்கலாம்; எட்டுக்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

நீண்ட நாள் நின்ற வண்டியில் தேய்மானத்தைவிடத் துருதான் பெரிய சனி. ரிங் நின்ற இடத்தில் ஈரம் தங்கி, சுவரைச் சுற்றி வளையமாகக் குழி விழுந்திருக்கும். அந்தக் குழியின் ஆழம்தான் எந்த சைஸுக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்யும். குழி 12 தவ் ஆழம் என்றால், விட்டத்தில் 24 தவ் எடுத்தால்தான் அது மறையும், ஏனென்றால் கடைசல் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும். ஆழத்தை இரட்டிக்க வேண்டும் என்பதை மறந்து அடுத்த சைஸ் பிஸ்டனை வாங்கி, கடைந்த பிறகும் குழி சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும் ஆட்கள் நிறைய. ஒரு பக்கமாகத் தேய்ந்த சிலிண்டருக்கும் இதே கணக்கு. ஏழு தவ் முழுவதும் ஒரே பக்கத்தில் தேய்ந்திருந்தால், பழைய நடுப்புள்ளியை விடாமல் சுத்தம் செய்ய விட்டத்தில் 14 தவ் எடுத்தாக வேண்டும்.

தேய்மானம் மூலைவிட்டமாக, மேலே இடப்புறமும் கீழே வலப்புறமுமாக இருந்தால் நிறுத்துங்கள். கனெக்டிங் ராட் வளைந்திருக்கிறது. ராடின் சின்ன முனையில் (கஜன் பின் போகும் மேல் முனை) நீளமான நேர்க்கம்பி ஒன்றைச் செருகி, சிலிண்டர் உட்காரும் கிராங்க் கேஸின் மேல்முகத்தின் இரு பக்கமும் அதே உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். ராடை நேராக்காமல் போரிங் போட்டால் புது பிஸ்டனும் அதே மாதிரி சாய்ந்து ஓடும்.

பிஸ்டன் கையில் வந்த பிறகே சிலிண்டர் வெளியே போகட்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து வண்டிகளுக்கு பிஸ்டன் ஓவர்சைஸ், அதாவது மூல அளவைவிடக் கூடுதல், பொதுவாக 20, 40, 60 தவ் என்று வரும். கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) மாதிரி ஜப்பான் வண்டிகளுக்கு 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. பெட்டியில் "+20" என்று அச்சிட்டிருப்பதால் அந்த பிஸ்டன் சரியாக அந்த அளவில்தான் இருக்கும் என்று நம்ப முடியாது. இன்று புதிதாகத் தயாரித்து வரும் பிஸ்டன்களில் ஒன்றுக்கொன்று ஒரு தவ் முன்னே பின்னே இருப்பது சாதாரணம். பட்டறைக்காரர் புத்தகத்தைப் பார்த்துக் கடையக்கூடாது, கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து கடைய வேண்டும். மலாய் பேசும் கடையில் "இக்குட் பிஸ்டன், பாஸ்" (பிஸ்டனைப் பார்த்துக் கடையுங்கள்) என்று சொன்னால் தவுக்கேக்கு (முதலாளிக்கு) புரிந்துவிடும். பிஸ்டன் இன்னும் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் கடைந்து வையுங்கள் என்று சொல்லாதீர்கள். எடுத்த இரும்பைத் திருப்பி ஒட்ட முடியாது.

கணக்கு இப்படிப் போகும். பாவாடை அடியில் அளந்த பிஸ்டன் 52.43 மி.மீ. விட வேண்டிய இடம் மூன்று தவ், அதாவது 0.08 மி.மீ. ஆகவே முடிந்த சிலிண்டர் 52.51 மி.மீ. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, மி.மீ. என்று பக்கத்தில் போட்டு, சிலிண்டரோடு கட்டிக் கொடுங்கள். வாயால் சொன்னால் வருகிற வினை இது: நீங்கள் "மூணு" என்றால் மூன்று தவ் என்று நினைக்கிறீர்கள். ஜப்பான் என்ஜின்களையே கடைந்து பழகியவர் காதில் அது 0.03 மி.மீ. என்று விழும். 0.03 மி.மீ. என்பது ஒன்றேகால் தவ்கூட இல்லை. அவர் வண்டிகளுக்கு அது சரியான அளவாகவும் இருக்கலாம், 1948-இல் வெளிவந்த பாண்டத்துக்கு அது தற்கொலை.

எவ்வளவு இடம் விடுவது என்பதை பிஸ்டன் செய்தவரின் சீட்டு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சீட்டு இல்லையென்றால், காற்றால் குளிரும் வார்ப்பிரும்பு சிலிண்டரில் வார்ப்பு பிஸ்டனுக்கு விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு தவ், அதற்கு மேல் ஒரு தவ் என்பது பழைய கை வழக்கம். 52 மி.மீ. என்பது இரண்டு அங்குலம் சொச்சம். மூன்று தவ் ஆகிறது. நார்ட்டன் 16ஹெச் 79 மி.மீ., மூன்று அங்குலம் சொச்சம், நான்கு தவ். அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டனானால் இதைவிடக் கூடுதல் வேண்டும், அந்த உலோகம் அதிகம் பெருக்கும்.

சொந்த பிஸ்டன் கிடைக்காமல் வேறு வண்டி பிஸ்டனைப் பொருத்துவது இங்கே சகஜம். விட்டம் பொருந்தினால் போதாது. கஜன் பின்னின் தடிமன், பின்னின் மையத்திலிருந்து மண்டை வரை உள்ள உயரம், பாவாடையின் நீளம் மூன்றையும் பாருங்கள். பாண்டம் இரண்டு-ஸ்ட்ரோக் என்ஜின். பாவாடையின் கீழ்விளிம்புதான் பெட்ரோல் வரும் வாயைத் திறந்து மூடுகிறது. பாவாடை மூன்று மி.மீ. குட்டையானால் டைமிங்கே மாறிவிடும். ரிங் பள்ளத்தில் ரிங்கைச் சுழலவிடாமல் பிடிக்கும் சின்ன ஆணி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ரிங்கின் வாய், சிலிண்டர் சுவரில் கேஸ் போய்வரும் போர்ட் ஜன்னலுக்கு நேரே வந்தால் முனை வெளியே நீண்டு ஜன்னல் விளிம்பில் மாட்டி ஒடியும்.

பட்டறையில் என்ன நடக்க வேண்டும்

பட்டணத்துக் கடைத்தெருவில் இருக்கும் லேத் பட்டறை, செம்பனை மில்லுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து பழகிய இடம். புஷ் வேலைக்கு அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சிலிண்டரின் விசிறி போன்ற இறக்கைகளை லேத் சக்கில் கவ்விப் பிடித்துக் குடைய ஒத்துக்கொள்ளாதீர்கள். கவ்வும் அழுத்தத்தில் சிலிண்டர் நெளிந்து நிற்கும், அந்த நிலையில் வட்டமாகக் குடைந்து, கழற்றினால் மூன்று மூலையாக விரியும். போரிங் மெஷினும் ஹோனிங் மெஷினும் (கல்லால் உரசிச் சுவரை முடிக்கும் இயந்திரம்) வைத்திருக்கும் பட்டறை வேண்டும். ஈப்போ பக்கம் அப்படிப்பட்ட பட்டறைகள் உண்டு.

சிலிண்டரை எந்த முகத்தில் உட்கார வைக்கிறார்கள் என்று கேளுங்கள். கிராங்க் கேஸில் உட்காரும் அடிமுகம்தான் ஆதாரம். துளை அதற்குச் செங்குத்தாக இருந்தால்தான் பிஸ்டன் நேராக ஏறி இறங்கும். மேல்முகம் பழைய காலத்தில் யாராவது அரத்தால் ராவியதாக இருக்கலாம். அடிமுகத்தில் ஒட்டிக்கிடக்கும் பழைய கேஸ்கெட் துணுக்கை வீட்டிலேயே சுரண்டிக் கொடுங்கள். ஒரு துணுக்கு ஐந்து தவ் சாய்வைக் கொடுத்துவிடும். மையம் பிடிப்பதும் அடியில், ரிங் எட்டாத தேயாத பகுதியில்தான். மேலே ஒரு பக்கம் தேய்ந்த இடத்தில் மையம் பிடித்தால் துளையே அந்தப் பக்கம் நகர்ந்துபோகும்.

பாண்டத்தில் நான்கு நீள ஸ்டட் (தலையில்லாத திருகாணி) கிராங்க் கேஸிலிருந்து சிலிண்டர் வழியாக ஹெட் வரை போகின்றன. நட்டை இறுக்கும்போது சிலிண்டர் அமுங்கி லேசாக உருமாறும். தடித்த இரும்புத் தகடு இரண்டை மேலும் கீழும் வைத்து, போல்ட்டால் அதே மாதிரி இறுக்கிய நிலையில் ஹோனிங் செய்தால் ஓடும்போது இருக்கும் வடிவத்திலேயே வட்டம் கிடைக்கும். எல்லாப் பட்டறையும் இதற்குப் பொறுமை காட்டாது. தகட்டை நீங்களே செய்து கொண்டுபோனால் மறுக்க மாட்டார்கள்.

குடையும் கத்தி இறுதி அளவு வரை போகக்கூடாது. 52.51 வேண்டுமென்றால் 52.45-இல் கத்தி நிற்க வேண்டும்; மீதி 0.06 மி.மீ. ஹோனிங் கல்லுக்கு. கத்தி திருகாணி மாதிரி மெல்லிய வரிகளைக் கிழித்து விட்டுப்போகும். அவற்றை அழித்து, சாய்ந்த குறுக்குக் கோடுகளை இடுவதுதான் ஹோனிங். கோடுகள் ஒன்றையொன்று சுமார் 45 டிகிரியில் வெட்ட வேண்டும். அந்தக் கீறல்களில் எண்ணெய் தங்கும், புது ரிங் அவற்றின் முனையில் உரசித் தன்னைச் சுவருக்கு ஏற்பப் படியவைத்துக்கொள்ளும். வார்ப்பிரும்பு ரிங்குக்கு 220 முதல் 280 வரை உள்ள கல் போதும். கண்ணாடி மாதிரி மினுக்கிக் கொடுத்தால் பாராட்டாதீர்கள். ரிங் படியவே படியாது, வண்டி எண்ணெய் குடிக்கும்.

சூடான சிலிண்டரை அளந்து முடித்துவிட்டதாகச் சொல்வதும் ஒரு தொல்லை. கல் உரசிய சூட்டில் சிலிண்டர் 30 டிகிரி கூடியிருந்தால், 79 மி.மீ. நார்ட்டன் துளை ஒரு தவ் பெரிதாகக் காட்டும். ஆறிய பிறகு அந்த ஒரு தவ் காணாமல் போகும், நான்கு தவ் இடம் மூன்றாகிவிடும். பிஸ்டனையும் சிலிண்டரையும் ஒரே மேசையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அளப்பதே முறை. வெயிலில் நின்ற காரின் பூட்டிலிருந்து எடுத்த பிஸ்டனை அப்படியே அளக்கக் கொடுத்தால் அதே வம்பு எதிர்த்திசையில் வரும்.

இரண்டு-ஸ்ட்ரோக் சிலிண்டரில் போரிங் முடிந்ததும் போர்ட் ஜன்னல்களின் விளிம்பு கத்தி மாதிரி கூர்ந்திருக்கும். ரிங் அந்த ஜன்னலைக் கடக்கும்போது சற்றே வெளியே பிதுங்கும். கூர்விளிம்பில் மாட்டினால் ஒடிந்து துண்டு உள்ளே போய்ச் சுவரைக் கீறும். சின்ன அரைவட்ட அரத்தால், பிறகு உப்புத்தாளால், எல்லா ஜன்னலின் மேல்-கீழ் விளிம்பையும் அரை மி.மீ. அளவுக்கு மழுங்க விடுங்கள். விரலை ஓட்டினால் நகம் தடுக்கக்கூடாது. இந்தப் பத்து நிமிட வேலையைப் பட்டறை செய்திருக்கும் என்று எண்ணிவிடுவதுதான் வாடிக்கை.

கடைசி ஓவர்சைஸையும் தாண்டிவிட்ட சிலிண்டருக்கு லைனர் உண்டு. பழைய துளையைப் பெரிதாகக் கடைந்து, அதைவிட இரண்டு மூன்று தவ் பெரிய வார்ப்பிரும்புக் குழாயை, சிலிண்டரை அடுப்பில் 200 டிகிரிக்குச் சூடேற்றி, குழாயை ஐஸ்பெட்டியில் குளிரவைத்து இறக்குவார்கள். இறக்கிய பிறகுதான் இறுதி அளவுக்குக் கடைய வேண்டும். நான்கு-ஸ்ட்ரோக் வண்டிக்கு நல்ல தீர்வு. பாண்டத்துக்கு லைனர் போட்டால் ஜன்னல் அத்தனையையும் குழாயில் வெட்டியாக வேண்டும்; செலவைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சின்ன முனை, ரிங், கழுவுதல்

சிலிண்டர் மட்டும் புதிதாகி, கஜன் பின் ஆடினால் பயனில்லை. பாண்டத்தின் சின்ன முனையில் பித்தளை நிற பாஸ்பர் பிரான்ஸ் புஷ் (பின் சுழலும் உள்வளையம்) இருக்கும். புதிய புஷ்ஷை அடித்து ஏற்றாதீர்கள், ராட் வளையும். நீளமான போல்ட்டும் வளையங்களும் வைத்து இழுத்து ஏற்றுங்கள். ஏற்றியதும் புஷ் சுருங்கும், அதனால் முதலில் எண்ணெய்த் துளையைத் துளைத்துவிட்டு, பிறகே ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) ஓட்ட வேண்டும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் அரை முதல் ஒரு தவ். எண்ணெய் தடவிய பின் கட்டைவிரல் அழுத்தத்தில் வழுக்கிப் போக வேண்டும், ஆடக்கூடாது. பின்னை நிறுத்தும் சர்க்ளிப் எப்போதும் புதிது. சில காசுக்குப் பார்த்துப் பழையதைப் போட்டு அது கழன்றால் புது சிலிண்டரில் வாய்க்கால் வெட்டிவிடும்.

ரிங் வாய்க்கு அங்குலத்துக்கு நான்கு தவ். பாண்டத்துக்குக் குறைந்தது எட்டு, நார்ட்டனுக்குப் பன்னிரண்டு. குறைவாக இருந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி ரிங் ஒடியும். ஒரு முனையை மட்டும் மெல்லிய அரத்தால் தேய்த்து, ஒவ்வொரு தேய்ப்புக்கும் சிலிண்டரில் வைத்துப் பாருங்கள். பெட்டியிலிருந்து வரும் ரிங் சரியாகவே இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டாம்.

பட்டறையிலிருந்து வந்த சிலிண்டரை பெட்ரோலில் அலசி மாட்டுவது பெரிய பிழை. பெட்ரோல் எண்ணெயைக் கரைக்கும், ஹோனிங் கல்லின் துகளைக் கீறல்களிலேயே விட்டுவிடும். அந்தத் துகள் புது பிஸ்டனை உள்ளிருந்து அரைக்கும். சுடுநீர், பாத்திரம் கழுவும் சோப்பு, விறைப்பான தூரிகை. மூன்றும் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டு உள்ளே துடைத்தால் சாம்பல் கறை வரக்கூடாது. வந்தால் மறுபடி சோப்பு. கடைசித் துடைப்பு வெள்ளையாக வந்த கணமே எண்ணெய் பூசுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கழுவிய வார்ப்பிரும்பு, டீ குடித்துவிட்டு வருவதற்குள் செம்மை தட்டிவிடும்.

ஓட்டிப் படியவைப்பது

முதல் 800 கி.மீ. வரை பாண்டத்துக்கு பெட்ரோலில் எண்ணெய் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்: ஐந்து லிட்டருக்கு 250 மி.லி. முதல் தடவை கிளப்பியதும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, முழுக்க ஆறவிடுங்கள். கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்கிப் பாருங்கள். புது கேஸ்கெட் அமுங்கியிருக்கும்.

ஓட்டும்போது ஒரே வேகத்தில் நீளமாகப் பிடிக்காதீர்கள், திராட்டிலை ஏற்றி இறக்கிக்கொண்டே போங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் போகும் பழைய கூட்டரசு சாலை இதற்குத் தோது. மெனோரா சுரங்கம் ஏறும் நெடுஞ்சாலையையும் கேமரன் மலைப் பாதையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீண்ட ஏற்றத்தில் மெதுவாக, முழுத் திராட்டிலில், காற்று குறைவாகப் போகும் என்ஜின்தான் முதலில் பிடிக்கும். செம்மண் சாலையில் ஓட்டுவதாக இருந்தால் ஃபில்டருக்கு எண்ணெய் நனைத்த ஸ்பஞ்சைப் போடுங்கள்; கார்புரேட்டர் அதற்கேற்ப ஒரு படி மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தில் சட்டென்று வேகம் குறைந்து, யாரோ பிரேக் பிடித்த மாதிரி இழுத்தால் உடனே கிளட்சைப் பிடித்துத் திராட்டிலை மூடுங்கள். ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டால் பெரும்பாலும் மறுபடி கிளம்பும். வீட்டுக்கு வந்ததும் சிலிண்டரைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்டனில் சுற்றிலும் தேய்த்த தடம் இருந்தால் இடைவெளி போதவில்லை. கஜன் பின்னின் இரு பக்கமும் நான்கு மூலைகளில் மட்டும் தடம் இருந்தால், என்ஜின் சூடேறுமுன் முறுக்கி ஓட்டியிருக்கிறார்கள். சைலன்சர் பக்கம் மட்டும் தடம் என்றால் கலவை வறட்சி, அதாவது காற்றுக்கு பெட்ரோல் போதவில்லை. பட்டறையைத் திட்டுவதற்கு முன் கிராங்க் சீலையும் கார்புரேட்டர் இணைப்பையும் பாருங்கள், பழைய சீல் வழியே காற்று உறிஞ்சினாலும் இதே தடம்தான் விழும். சுவரில் ஒட்டிய அலுமினியத்தை 400 எண் உப்புத்தாளால் எண்ணெய் விட்டுத் தேய்த்து எடுங்கள். பிஸ்டனில் மேடாக நிற்கும் இடத்தை மட்டும் மெல்லத் தணித்து, ரிங் பள்ளத்தில் கையால் ஆடுகிறதா என்று பார்த்து, மறுபடி சோப்புத் தண்ணீரில் கழுவி மாட்டலாம். ரிங் பள்ளத்திலேயே சிறைப்பட்டுக் கிடந்தால் அந்த பிஸ்டனை விட்டுவிட்டு, மைக்ரோமீட்டரை மறுபடி கையில் எடுங்கள்.